வண்ணப் பென்சில் ஓவியம்: தாளில் தொடங்கி ஒரு மாம்பழம் வரை

வண்ணப் பென்சில் ஓவியம் கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற செலவு, 72 நிறங்களோ 120 நிறங்களோ அடங்கிய பெரிய பெட்டி ஒன்றை வாங்குவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெட்டி வந்து சேர்ந்த அன்றே, வீட்டில் கிடந்த பள்ளி டிராயிங் நோட்டில் ஒரு செம்பருத்தியை வரைந்தேன். ஒரே இதழின்மேல் மூன்றாவது முறையாகச் சிவப்பைத் தீட்டியபோது பென்சில் வழுக்கிக்கொண்டு போனதே தவிர நிறம் ஏறவில்லை. மட்டமான பென்சிலை வாங்கிவிட்டோம் என்று பல நாள் நொந்துகொண்டிருந்தேன். குறை பென்சிலில் இல்லை, தாளில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

வண்ணப் பென்சிலின் உள்ளே இருக்கும் லெட், நிறமித் தூளையும், அதைப் பிடித்து வைக்கும் மெழுகு அல்லது எண்ணெயையும், களிமண் போன்ற நிரப்புப் பொருளையும் கலந்து செய்யப்படுவது. கருப்பு எழுதும் பென்சிலின் லெட்டைச் சூளையில் சுடுவது போல இதைச் சுடுவதில்லை என்பதால் இது மிருதுவாகவே இருக்கிறது. தாளின் மேற்பரப்போ, கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் நிறைந்தது. பென்சில் உரசும்போது அந்த மேடுகள் லெட்டைச் சுரண்டி எடுத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்துத் தீட்டத் தீட்டப் பள்ளங்கள் நிரம்புகின்றன. பள்ளங்கள் முழுவதும் மெழுகால் அடைபட்டுவிட்டால் அதன்மேல் எந்த நிறமும் ஒட்டாது. ஆகவே தாளின் சொரசொரப்புதான் நம் கையில் இருக்கும் முதல்; அதை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறோம் என்பதில்தான் இந்தக் கலையின் நுட்பம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

தாளும் பென்சிலும்

கையில் 2,000 ரூபாய் இருந்தால் அதில் பாதியைத் தாளுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். பயிற்சிக்கு 150 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத கார்ட்ரிட்ஜ் தாள் போதும். நிதானமாக ஒரு படத்தை முடிக்க வேண்டுமானால், நீர்வண்ணத்துக்காகத் தயாரிக்கப்படும் 300 ஜிஎஸ்எம் 'ஹாட் பிரஸ்' எனப்படும் வழவழப்பான தாளை வாங்குவது நல்லது. அதே நீர்வண்ணத் தாளில் 'கோல்டு பிரஸ்' என்ற வகை இதைவிடக் கரடுமுரடானது. எவ்வளவு தீட்டினாலும் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிரிஸ்டல் தாள் இதற்கு நேர்மாறானது: நுணுக்கமான கோடுகளுக்கு மிகவும் ஏற்றது, ஆனால் குறைவான அடுக்குகளையே தாங்கும். தனித்தாளாக விற்கும் கடைகளில் 22 × 30 அங்குல முழுத் தாளை வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால், 7.5 × 11 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். தொடக்கத்துக்கு இந்த அளவே பெரியது. வண்ணப் பென்சிலில் உள்ளங்கை அகலத்தை நிரப்புவதற்கே ஒரு மாலைப்பொழுது ஆகிவிடும். மழைக்காலத்தில் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்க வேண்டும். ஈரம் ஏறிய தாள் தளர்ந்துபோய், பென்சிலின் அழுத்தத்தில் நார் எழும்பிவிடும்.

பென்சில்களைப் பொறுத்தவரை, மெழுகு மிகுந்தவை, எண்ணெய் மிகுந்தவை என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. 1938 முதல் விற்கப்பட்டு வரும் பிரிஸ்மாகலர் மெழுகு வகைக்கும், ஃபேபர் காஸ்டெல் நிறுவனம் 1908-இல் அறிமுகப்படுத்திய பாலிகுரோமோஸ் எண்ணெய் வகைக்கும் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். மெழுகுப் பென்சில் வெண்ணெய் போல இழையும். விரைவாக நிறம் ஏறும். ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், கீழே விழுந்தால் உள்ளே துண்டு துண்டாக உடையும். எண்ணெய்ப் பென்சில் சற்றுக் கடினமானது, கூர்மை நெடுநேரம் நிற்கும், அடுக்குகளும் கூடுதலாக ஏறும். இரண்டையும் ஒரே படத்தில் கலந்து பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பென்சிலால் அடித்தளம் போட்டு, மெழுகுப் பென்சிலால் மேல்பூச்சு முடிப்பது பலருக்குக் கைவந்த முறை. கேம்லின், டோம்ஸ் போன்ற மாணவர் பெட்டிகளில் நிறமி குறைவு என்றாலும், கையின் அழுத்தத்தைப் பழக்குவதற்கு அவை தாராளமாகப் போதும். வாங்கும்போது பென்சிலின் உடலில் தூரிகைப் படம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் அது தண்ணீரில் கரையும் நீர்வண்ணப் பென்சில், வேறு வேலைக்கானது.

நிறங்கள் 24 போதும். கடைக்காரர் கொடுக்கும் 24-ஐக் காட்டிலும் நாமே பொறுக்கி எடுக்கும் 24 மேலானது என்பதால், தனித்தனியாக விற்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். எலுமிச்சை மஞ்சள், அடர் மஞ்சள், மஞ்சள் காவி, செங்காவி, அடர் பழுப்பு, ஆரஞ்சு, இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், அவுரி நீலம், ஊதா, இலைப்பச்சை, ஆலிவ் பச்சை, தந்த நிறம், வெள்ளை ஆகியவை கட்டாயம் வேண்டும். கருப்பு இருக்கட்டும், ஆனால் கை அதன் பக்கம் போகாமல் பழக்கிக்கொள்ளுங்கள். அவுரி நீலத்தின்மேல் அடர் பழுப்பைத் தீட்டினால் கிடைக்கும் கருமையில் உயிர் இருக்கும்; தனிக் கருப்பு படத்தில் ஓட்டை விழுந்தது போல நிற்கும்.

மற்றவை சில்லறைப் பொருள்கள். கூர்மையான பிளேடு உள்ள ஷார்ப்பனர், பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான், துகள்களைத் தட்டிவிட ஒரு மென்மையான தூரிகை, கைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு பட்டர் பேப்பர். துகள்களை வாயால் ஊதாதீர்கள். எச்சில் தெறித்த இடத்தில் நிறம் திட்டுத்திட்டாக ஏறும்.

கை பழகுதல்

பென்சிலை எழுதுவதற்குப் பிடிப்பதைவிட ஓர் அங்குலம் பின்னால் தள்ளிப் பிடியுங்கள். பென்சிலின் சொந்த எடை மட்டுமே தாளில் படும்படி, கடுகளவு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு சுழற்றிக்கொண்டே நகருங்கள். முதல் அடுக்கு, தூசி படிந்தது போல மங்கலாகத்தான் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். முனை எப்போதும் கூர்மையாக இருக்கட்டும், ஏனென்றால் கூர்முனைதான் பள்ளங்களுக்குள் இறங்கும். மழுங்கிய முனை மேடுகளை மட்டும் தடவிவிட்டுப் போகும். ஒரு கட்டத்தில் நீலத்தின்மேல் மஞ்சளையும், பக்கத்துக் கட்டத்தில் மஞ்சளின்மேல் நீலத்தையும் தீட்டிப் பாருங்கள். பென்சில் நிறம் ஒளியை ஊடுருவ விடும் தன்மையுடையது என்பதால் இரண்டிலும் பச்சைதான் வரும். ஆனால் ஒரே பச்சை வராது. நிறம் பெட்டியில் இல்லை, தாளின்மேல்தான் உண்டாகிறது என்பதை இந்த இரண்டு கட்டங்களே காட்டிவிடும்.

ஒரு பங்கனபள்ளி

முதல் முழுப் படத்துக்கு நான் பரிந்துரைப்பது நன்றாகப் பழுத்த ஒரு பங்கனபள்ளி மாம்பழம். வடிவம் எளியது, ஆனால் மஞ்சளுக்கு நிழல் போடுவது தொடக்கநிலையாளர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம், அதை முதலிலேயே தாண்டிவிடுவது நல்லது. பழத்தை ஜன்னலோரம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழுமாறு வெள்ளைத் துணியின்மேல் வையுங்கள். உடனே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதுடன், எந்த இடத்தில் என்ன நிறம் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்தும் வையுங்கள், ஏனெனில் பழம் இரண்டாம் நாளே கறுக்கத் தொடங்கும். வீட்டில் உள்ளவர்கள் அதுவரை விட்டுவைப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வெளிக்கோட்டைச் சாதாரணப் பென்சிலால் நேரடியாகப் போட வேண்டாம். அந்தக் கரி மஞ்சளோடு கலந்து அழுக்குப் பச்சையாகும். மேலே மெழுகு படிந்த பிறகு அழிக்கவும் முடியாது. வேறொரு மெல்லிய தாளில் வரைந்து, அதன் பின்பக்கத்தில் மஞ்சள் காவிப் பென்சிலைத் தேய்த்து, நல்ல தாளின்மேல் வைத்துக் கோட்டின்மீது மீண்டும் எழுதினால், காவி நிறத்தில் வெளிக்கோடு மெல்லியதாகப் பதிந்துவிடும். பிறகு அது பழத்தின் நிறத்திலேயே கரைந்துபோகும்.

பழம் முழுவதும் எலுமிச்சை மஞ்சளை ஓர் அடுக்கு தீட்டுங்கள். வெளிச்சம் பளீரென்று விழும் இடத்தை மட்டும் வெறும் தாளாக விட்டுவிடுங்கள். வெள்ளைப் பென்சிலால் அந்த ஒளியைப் பிறகு கொண்டுவர முடியாது. பங்கனபள்ளியின் தோலில் சிறு சிறு வெளிர் புள்ளிகள் இருக்குமல்லவா, அவற்றுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால், இந்த முதல் அடுக்கின்மேல் ஆங்காங்கே மெதுவாக அழுத்திக் குழிகளை ஏற்படுத்துங்கள். பின்னால் வரும் ஆரஞ்சும் காவியும் அந்தக் குழிகளுக்குள் இறங்காமல் மேலாகத் தாண்டிப் போவதால், புள்ளிகள் வெளிர் மஞ்சளாகவே நின்றுவிடும். குழிகளைச் சீரான இடைவெளியில் போட்டுவிடாதீர்கள். காம்புக்கு அருகே நெருக்கமாகவும், வயிற்றுப் பகுதியில் தள்ளித் தள்ளியும் இருக்கட்டும்.

இனி நிழல். மஞ்சளின்மேல் கருப்பையோ சாம்பலையோ தீட்டினால் பழம் அழுகிய பச்சையாகத் தோன்றும். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. ஆகையால் நிழற்பகுதியில் ஊதாவை மிக மெல்லியதாக, தாளுக்கு வலிக்காத அளவில் தடவி, அதன்மேல் மஞ்சள் காவி, பிறகு செங்காவி, மீண்டும் அடர் மஞ்சள் என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். நிழலின் மிக அடர்ந்த பகுதி பழத்தின் விளிம்பில் இல்லாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். விளிம்பை ஒட்டி, கீழே விரித்த துணியிலிருந்து எதிரொளித்து வரும் மங்கிய வெளிச்சம் ஒரு கீற்றாக ஓடும். அந்தக் கீற்றை விட்டுவைத்தால்தான் பழம் உருண்டு நிற்கும். காம்பைச் சுற்றி ஆலிவ் பச்சை ஓர் அடுக்கு, தோள்ப்பகுதியில் ஆரஞ்சு இரண்டு அடுக்கு. எட்டுப் பத்து அடுக்குகள் வரை தாள் தாங்கும், அழுத்தாமல் இருந்தால்.

பழத்தின் அடியில் விழும் நிழலுக்கு அவுரி நீலமும் ஊதாவும் செங்காவியும் போதும். பழம் துணியைத் தொடும் கோட்டில் மிக அடர்த்தியாகத் தொடங்கி, விலக விலக மங்கட்டும்.

எல்லா அடுக்குகளும் ஏறிய பிறகே 'பர்னிஷிங்' எனப்படும் அழுத்தித் தேய்க்கும் வேலை. வெளிச்சமான பகுதிகளில் தந்த நிறப் பென்சிலாலோ, நிறமில்லாத பிளெண்டர் பென்சிலாலோ அழுத்தித் தேய்த்தால் மீதமிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் மூடிப்போய், தோலுக்கு வழவழப்பான பளபளப்பு கிடைக்கும். இது கடைசி வேலை. இதற்குப் பிறகு அந்த இடம் பெரிதாக எதையும் ஏற்காது. வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டைச் சிறு தூரிகையில் தொட்டு மெழுகைக் கரைத்துப் பரப்புவது மற்றொரு முறை. காய்ந்த பின் மேலும் சில அடுக்குகளை ஏற்ற அது இடம் கொடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். பெயின்ட் கடைத் தின்னரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், நெடி தலைவலியில் கொண்டுபோய் விடும்.

தவறு நேர்ந்தால் அழிப்பானால் தேய்க்கக் கூடாது. மெழுகு இழுபட்டுக் கறையாகப் பரவும். பிசையும் அழிப்பானை ஒற்றி ஒற்றி எடுங்கள். பிடிவாதமான இடத்தில், ஒட்டும் தன்மை குறைந்த டேப்பை மெதுவாக வைத்து, அதன்மேல் அந்தப் பழைய பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்துத் தூக்கினால், கோடு போட்ட இடத்தில் மட்டும் நிறம் உரிந்து வரும்.

முடித்த படத்தைப் பாதுகாத்தல்

மெழுகு மிகுந்த பென்சிலால் அடர்த்தியாகத் தீட்டிய படத்தில், சில நாள்கள் கழித்து வெண்படலம் ஒன்று பூக்கும். மென்மையான துணியால் இலேசாகத் துடைத்தாலே போய்விடும். பிறகு ஃபிக்ஸேட்டிவ் எனப்படும், படத்தின் மேற்பரப்பைக் காக்கும் தெளிப்பானை, மழையில்லாத நாளில் மொட்டை மாடியில் வைத்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தால் திரும்ப வராது. சட்டம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவே அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள்.

வெளுப்பது இதைவிடப் பெரிய தொல்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் நான் மாட்டிய ஒரு தாமரை, ஓராண்டுக்குள் இளஞ்சிவப்பை இழந்து சாம்பல் இதழ்களோடு நின்றது. இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் இந்தப் பலவீனம் அதிகம். பாலிகுரோமோஸ் பென்சிலின் உடலில் இருக்கும் நட்சத்திரக் குறிகள் ஒளியைத் தாங்கும் திறனைக் காட்டுபவை. மூன்று நட்சத்திரம் இருந்தால் உயர்ந்த தரம். வண்ணப் பென்சில்களின் ஒளித்தாக்குப்பிடிப்பை அளக்க ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் டி-6901 என்ற தரவரையறையே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் காரன் டாஷ் நிறுவனம் தன் லூமினன்ஸ் பென்சிலுக்கு 6901 என்ற எண்ணைச் சேர்த்தது அதனால்தான். குறிகள் இல்லாத பென்சில்களை நாமே சோதித்துக்கொள்ளலாம். ஒரு தாள் துண்டில் உங்களிடம் உள்ள எல்லா நிறங்களையும் பட்டைகளாகத் தீட்டிப் பெயர்களை எழுதி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்தால், இரண்டு பாதிகளும் ஒன்றாக இல்லாத பட்டைகள் எவை என்று தெரியும். அந்தப் பென்சில்களைப் பயிற்சி நோட்டுக்கு ஒதுக்கிவிடலாம்.