சொன்னதைத்தான் மென்பொருள் செய்தது: தேவைகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1993 செப்டம்பர் 14 அன்று வார்சாவில் இறங்கிய லுஃப்தான்சாவின் ஏ320 விமானம், ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் போய் மண்மேட்டில் மோதியது. இருவர் இறந்தார்கள். மென்பொருள் அன்று தன் வேலையில் தவறவில்லை. எழுதிக் கொடுத்ததை வரி பிசகாமல் செய்தது. ரிக்வயர்மென்ட், அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை, எழுதுபவர்கள் பயப்பட வேண்டியது இந்த மாதிரி விபத்துக்குத்தான்.

ஜெட் எஞ்சினின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு. அது வானில் திறந்தால் என்ன ஆகும் என்பதை 1991இல் தாய்லாந்தில் பார்த்தார்கள்: லௌடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767 விழுந்து 223 பேர் இறந்தார்கள். ஆகவே 'விமானம் தரையில் இருந்தால் மட்டுமே திறக்கலாம்' என்ற தேவை நியாயமானது. சிக்கல் என்னவென்றால், மென்பொருளுக்குத் தரை தெரியாது. சென்சார் தருவது மட்டுமே தெரியும். எனவே இரண்டு பிரதான சக்கரக் கால்களிலும் தலா 6.3 டன் எடை விழுந்தால் 'தரையில் இருக்கிறது' என்று வைத்துக்கொண்டார்கள். இறக்கையின் மேல் எழும் தடுப்புப் பலகைகளுக்கு, சக்கரம் 72 நாட் (மணிக்குச் சுமார் 133 கி.மீ.) வேகத்தில் சுழன்றாலும் போதும். அன்று மழை. பக்கக் காற்றை எதிர்பார்த்து விமானிகள் சற்றுச் சாய்த்து இறக்கியதால் வலது கால் முதலில் பட்டது. இடது கால் படுவதற்குச் சுமார் 9 விநாடிகள் ஆயின. சக்கரமும் தண்ணீரில் சறுக்கியதே தவிர, போதிய வேகத்தில் சுழலவில்லை. விமானம் ஓடுபாதைமேல் இருந்தது, மென்பொருளைப் பொறுத்தவரை இன்னும் வானில்தான் இருந்தது.

முதல் தவறு இதுதான்: உலகத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையும், மென்பொருள் எதைப் பார்த்து அதை முடிவு செய்கிறது என்பதையும் ஒரே வாக்கியமாக எழுதிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அனுமானம் இருக்கிறது. 'இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படும்' என்று அதைத் தனியே எழுதியிருந்தால், ஒரு விமானியாவது 'எப்போதும் அப்படி நடக்காதே' என்று சொல்லியிருக்கலாம். எழுதாத அனுமானத்தை யாராலும் மறுக்க முடியாது.

விமானம் வரை போக வேண்டாம். 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று நிற்கும் ஆன்லைன் படிவத்தில், இனிஷியல் மட்டும் உள்ள தமிழர்கள் அப்பா பெயரையோ ஒரு புள்ளியையோ போட்டுத் தப்பிக்கிறோம். 'ஒரு மொபைல் எண்ணுக்கு ஒரு நோயாளி' என்று வடிவமைத்த மருத்துவமனை செயலியில் பாட்டி, மகள், பேரன் மூவரும் மகனுடைய எண்ணில் வருவார்கள். இவற்றை டெஸ்டிங்கில் பிடிக்க முடியாது. டெஸ்ட் எழுதுபவரும் அதே ஆவணத்தைத்தானே வைத்துக்கொண்டிருக்கிறார்!

அடுத்தது, காரணத்தை விட்டுவிட்டுத் தேவையை மட்டும் பழைய ப்ராஜெக்டிலிருந்து தூக்கி வருவது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், ஒரு நிமிடம்கூட ஆவதற்குள் வெடித்துச் சிதறியது. அதன் திசையறியும் கருவியும் மென்பொருளும் ஏரியான் 4இலிருந்து வந்தவை. கிளம்புவதற்கு முன் கருவியைச் சீரமைக்கும் ஒரு பகுதி, கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். கவுண்ட்டவுன் கடைசி நொடியில் நின்றுபோனால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காகப் பழைய ராக்கெட்டில் வைத்த ஏற்பாடு அது. ஏரியான் 5க்கு அதனால் பயனே இல்லை. ஆனாலும் ஓடியது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால், அதோடு தொடர்புடைய 64-பிட் எண் ஒன்று, அதற்கு ஒதுக்கிய சிறிய 16-பிட் இடத்தில் அடங்காமல் போனது. அப்படி நடக்கக்கூடிய ஏழு மாறிகளில் (நிரல் எண்களை வைத்திருக்கும் இடங்களில்) நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு இருந்தது. மீதி மூன்றை ஏன் விட்டார்கள் என்ற காரணம் நிரல் வரிகளில் எங்கும் குறிக்கப்படவில்லை.

அதே விபத்தில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. கோளாறு வந்தால் கருவி தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. ஒரு கருவி பழுதானால் மாற்றுக் கருவி இருக்கிறதே என்ற எண்ணம். இரண்டிலும் ஒரே மென்பொருள் என்பதால் இரண்டும் ஒரே காரணத்துக்காக அணைந்தன. ஆகவே 'பிழை வந்தால் என்ன?' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்த வகைப் பிழை, அப்போது வேறு யார் உயிரோடு இருப்பார்கள் என்பதும் வேண்டும். என்னைக் கேட்டால், தேவை ஆவணத்தில் மிக மெல்லியதாக இருப்பது இந்தப் பக்கம்தான். கிளையண்ட் எல்லாம் சரியாக நடக்கும் கதையை மட்டுமே சொல்வார். மீதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

'வேகமாக', 'எளிமையாக' போன்ற சொற்களைப் பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டார்கள். எண் போடுங்கள், அவ்வளவுதான். தீர்வைத் தேவை என்று எழுதுவது அதைவிட மோசம். 'எக்செல் டவுன்லோடு பட்டன் வேண்டும்' என்றால், டவுன்லோடு செய்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். 'இரண்டு கிளைகளின் கணக்கை ஒப்பிடுவேன்' என்று பதில் வந்தால், பட்டனே தேவைப்படாமல் போகலாம்.

சில சமயம் ஆவணம் சரியாகவே இருக்கும். 1999இல் தொலைந்த நாசாவின் செவ்வாய் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரின் இடைமுக ஆவணம் (மென்பொருள்கள் தமக்குள் தரவை எப்படிப் பரிமாற வேண்டும் என்று சொல்வது) நியூட்டன்-விநாடி என்ற மெட்ரிக் அலகைச் சொன்னது. தரையிலிருந்த மென்பொருள் ஒன்று பவுண்டு-விநாடியில் தந்தது. எழுதிய தேவையைச் சரிபார்க்கும் ஆளும் நாளும் குறிக்கவில்லை என்றால் ஆவணம் வெறும் காகிதம்.

அப்புறம், எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிப் படிப்படியாகச் செய்யும் வாட்டர்ஃபாலா, சிறுசிறு பகுதிகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைலா என்ற சண்டை. 1970இல் மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் வாட்டர்ஃபாலின் அந்தப் படிக்கட்டுப் படம் இருக்கிறது, 'வாட்டர்ஃபால்' என்ற பெயர் இல்லை. அந்த வடிவில் அப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை அழைக்கும் என்று படத்தைத் தொடர்ந்தே எழுதியிருக்கிறார். பலர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அஜைலிலும் அதே கதைதான்: முழு ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளுக்கு அதிக மதிப்பு என்று சொன்னதை 'ஆவணமே வேண்டாம்' என்று படித்துக்கொண்டோம். எந்த முறையில் வேலை செய்தாலும் ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் மூன்று கட்டங்கள் போதும்: ஏன் வேண்டும், எதை நம்பி எழுதினோம், எப்படிச் சரிபார்ப்போம். அஜைலில் ஒரு தேவையை எழுதும் சிறு அட்டையான ஸ்டோரி கார்டின் பின்பக்கத்தில்கூட அதற்கு இடம் இருக்கும்.