டர்பனில் தொழில் சந்திப்பா? அழைப்புகளை இணையத்தில் நிர்வகிக்கும் வழி

எண்பது பேர் கூடும் தொழில் சந்திப்புக்கு விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட், கூகுள் ஃபார்ம், ஜிமெயில், வாட்ஸ்அப் போதும். ஆனால் பெயர்ப் பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டால், வர இயலாது என்று சொன்னவருக்கே மறுபடி மறுபடி நினைவூட்டல் போகும். அவர் அடுத்த கூட்டத்துக்கும் வரமாட்டார்.

தேதியை முடிவு செய்யும்போது நம் ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். பெரிய வெள்ளியையொட்டி மாரியம்மன் திருவிழா. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி விரதம். டிசம்பர் 16க்குப் பிறகு பாதி நிறுவனங்கள் பூட்டியிருக்கும். வெள்ளி நண்பகல், முஸ்லிம்களின் ஜும்ஆ தொழுகை நேரத்தையும் தவிர்க்க வேண்டும். புரட்டாசியில்தான் நடத்தியாக வேண்டும் என்றால் உணவு முழுக்கச் சைவமாக இருக்கட்டும்.

ஷீட்டில் பெயர், நிறுவனம், தொழில், கைபேசி எண், மின்னஞ்சல், யார் மூலம் அழைக்கிறோம், பதில் என்று நெடுவரிசைகள் வையுங்கள். எண்களை ஒட்டுவதற்கு முன்பே கைபேசி நெடுவரிசையை 'பிளெய்ன் டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் 083 என்று தொடங்கும் எண்ணின் முதல் சுழியம் காணாமல் போகும். உள்ளூர் எண்கள் எல்லாவற்றையும், முதல் சுழியத்தை நீக்கி, தென்னாப்பிரிக்காவின் குறியீடான +27 என்று தொடங்கி எழுதுங்கள். ஒருவரை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி என்று ஒரே குடும்பப் பெயர் பலருக்கு இருக்கும். 'பிள்ளை' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுவார்கள். பெயரை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளைத் தேடினால் பாதி தப்பிவிடும். கைபேசி எண்ணில், ஒன்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் 'கவுண்ட்இஃப்' சூத்திரத்தைப் போட்டால் உடனே அகப்படும்.

ஃபார்மில் ஐந்து கேள்விக்கு மேல் கேட்காதீர்கள்: பெயர், நிறுவனம், கைபேசி எண், வருகிறாரா, உணவு (சைவம், ஹலால், வேறு). எண் '+' குறியோடு தொடங்க வேண்டும் என்று பதிலின் வடிவத்தைச் சரிபார்க்கும் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' வழியாக நிபந்தனை வைத்தால் முதன்மைப் பட்டியலோடு எளிதாகப் பொருந்தும். 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்' வசதியைத் திறக்க வேண்டாம். அது கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். அலுவலக அவுட்லுக்கில் இருப்பவர் அங்கேயே விட்டுவிடுவார். பதில்கள் வந்து விழும் தாளைத் தொடாமல், முதன்மைத் தாளில், கைபேசி எண்ணைத் தேடி விவரத்தைக் கொண்டுவரும் 'எக்ஸ்லுக்அப்' சூத்திரம் மூலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அழைப்பு நான்கு வாரத்துக்கு முன் போகட்டும். இலவச ஜிமெயிலில் ஒரு நாளுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. ஷீட்டிலிருந்து ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எனும் கூகுளின் நிரல் வசதி வழியாக மெயில் மெர்ஜ் செய்தால், அதாவது ஒவ்வொருவர் பெயரோடும் தனி மடல் அனுப்பினால், வரம்பு 100 பேர்தான். ஆகவே 250 அழைப்பு என்றால் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் பிசிசியில் (மறை நகலில்) போட்டு ஒரே மடலாக அனுப்புவதைவிட, பெயர் சொல்லி அழைக்கும் மடலுக்குப் பதில் அதிகம் கிடைக்கும். நாள், நேரம், இடம், ஃபார்ம் லிங்க் நான்கும் எழுத்தாகவே இருக்க வேண்டும். படத்துக்குள் மட்டும் இருந்தால், படங்களைத் தடுக்கும் அலுவலக மின்னஞ்சலில் எதுவும் தெரியாது. சென்னையிலிருந்து இணைய வழியில் சேர்பவர்களுக்கு, அவர்கள் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டு அவர்கள் நேரத்தையும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி எல்லோரையும் சேர்ப்பது தவறு. ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் சரியான வழி. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். "எனக்கு வரவே இல்லை" என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போப்பியா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பொருளையோ சேவையையோ விற்கும் நோக்கம் அழைப்பில் இருந்தால், உங்கள் வாடிக்கையாளர் அல்லாதவரிடம் சம்மதம் கேட்டு ஒரு முறைதான் அணுகலாம்; மறுத்தவரை மீண்டும் அணுகக் கூடாது. பட்டியலில் 'அழைக்க வேண்டாம்' என்று குறியுங்கள். வரிசையை நீக்கிவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் அதே பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுவார். உணவு விருப்பம் ஒருவரின் மதத்தைக் காட்டிவிடக்கூடும். மத நம்பிக்கைக்கு இச்சட்டம் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. வாசலில் வைக்கும் தாளில் அந்த நெடுவரிசை இருக்கக் கூடாது.

பத்து நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல், பதில் தராதவர்களுக்கு மட்டும். அடுத்தது, வருகிறேன் என்றவர்களிடம் மறு உறுதி. சமையல்காரர் எண்ணிக்கை கேட்கும் நாளுக்கு முந்தைய நாளே இதை முடிக்க வேண்டும். அதற்குப் பின் தெரிய வரும் எண்ணிக்கையால் செலவு குறையாது. இலவச நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்ற எல்லோரும் வருவதில்லை. எனவே 80 இருக்கைக்கு 90 பேர் வரை உறுதி செய்துவிட்டு, மீதிப் பேரைக் காத்திருப்பில் வையுங்கள். கட்டணம் உண்டென்றால் குவிக்கெட் போன்ற உள்ளூர் டிக்கெட் தளமே நல்லது.

வாசலுக்கு இரண்டு அச்சுப் பிரதிகள் எடுத்துப் போங்கள். மின்வெட்டு வந்தால் வைஃபையும் போகும், சில நேரம் கைபேசிக் கோபுரமும் ஓய்ந்துவிடும். பட்டியலைக் குடும்பப் பெயரால் அல்ல, முதல் பெயரால் அகர வரிசைப்படுத்துங்கள். பன்னிரண்டு நாயுடுகளுக்குள் தேடிக்கொண்டு நின்றால் வாசலில் வரிசை நீளும். வந்தவர் யார் என்பதை அன்றிரவே ஷீட்டில் ஏற்றிவிட்டு, உணவு விருப்பங்களை முதன்மைத் தாளிலிருந்தும் ஃபார்ம் பதில்களிலிருந்தும் அழித்துவிடுங்கள்.