தேய்ப்பதைக் குறைக்க, துடைப்பதைக் கூட்டுங்கள்: சிங்கப்பூர் வீட்டுக் குளியலறைப் பராமரிப்பு

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குனிந்து தேய்த்தும், அடுத்த வாரம் முடிவதற்குள் டைல்ஸ் இடுக்கில் கறுப்பு திரும்பிவிடுகிறதா? குறை உங்கள் கையில் இல்லை, மருந்திலும் இல்லை. காயாத ஈரம்தான் காரணம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் 90ஐத் தாண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் குளியலறையோ சிறியது. குளிக்கும் இடமும் கழிப்பறையும் பெரும்பாலும் ஒரே தரையில் இருப்பதால் ஒருவர் குளித்தாலே நான்கு சுவரும் நனைந்துவிடும். அது தானாகக் காய்வதற்குள் அடுத்தவர் துண்டோடு உள்ளே போய்விடுவார்.

கறுப்புப் பூஞ்சை, வாளியின் அடியில் வரும் இளஞ்சிவப்புப் படலம், தரையின் வழுவழுப்பு, வடிகாலில் பறக்கும் குட்டி ஈ எல்லாமே ஈரத்தையும் சோப்புப் படிவையும் நம்பி வாழ்பவை. இந்த இரண்டையும் அன்றன்றைக்கே எடுத்துவிட்டால் வாரந்தோறும் செய்யும் கழுவல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

குளித்ததும் இரண்டு நிமிடம்

வாங்க வேண்டிய முதல் பொருள் ரப்பர் வைப்பர். சுவருக்கும் கண்ணாடிக்கும் கைப்பிடி சிறியதாக ஒன்று, தரைக்கு நீளமான கோலோடு ஒன்று. இரண்டையும் குளியலறைக்குள்ளேயே கொக்கியில் மாட்டி வையுங்கள். சமையலறைக்குப் பின்னால் வைத்தால் யாரும் போய் எடுத்து வரமாட்டார்கள்.

குளித்து முடித்ததும் ஷவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஒட்டியிருக்கும் சோப்பு நுரையைக் குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசுங்கள். பிறகு மேலிருந்து கீழாக வழித்துவிடுங்கள். தோள் உயரத்துக்குக் கீழே உள்ள பகுதி போதும். நுரையும் தண்ணீரும் அதிகம் படுவது அங்கேதான். கடைசியாகத் தரைத் தண்ணீரை வடிகால் பக்கம் தள்ளுங்கள். காலையில் வரிசையாக நான்கு பேர் குளிக்கும் வீட்டில் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. காலையிலும் இரவிலும் கடைசியாகக் குளிப்பவர் செய்தால் போதும்.

அடுத்தது காற்று. லூவர் ஜன்னல் (சாய்ந்த பட்டைகள் கொண்டது) இருந்தால் எப்போதும் திறந்தே இருக்கட்டும். குளித்தபின் கதவையும் அகலத் திறந்து வைத்தால்தான் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். ஜன்னலே இல்லாத கொண்டோ குளியலறையில் காற்று வெளியேற்றும் விசிறியைக் குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அந்த விசிறி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு டிஷ்யூ தாளை அதன் மூடியருகே பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்தால் மூடியிலும் இறக்கையிலும் தூசு அடைத்திருக்கிறது. மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

ஈரத்துண்டையும் கால்மிதியையும் உள்ளே காய வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வெளியேறும் ஈரம் அந்த அறையிலேயே சுற்றும். ஷாம்பு பாட்டில்களைத் தரையிலோ திட்டிலோ வைத்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வழுவழுப்பு வட்டம் உருவாகும். கம்பிக் கூடையில் மாட்டிவிடுவது நல்லது. வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இதில் சுத்தத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் வெப்பநிலையில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். முட்டைகள் வாளியின் உட்பக்க விளிம்பில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் போகா. வாளியைக் கவிழ்த்து விளிம்பையும் துடைக்கும்படி தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்வது இதற்காகத்தான்.

கட்டி சோப்புப் பயன்படுத்துவோருக்கு ஒரு யோசனை. அது தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகச் சுவரில் ஒட்டும். பாடி வாஷ் வகைகள் பெரும்பாலும் அப்படி ஒட்டுவதில்லை. கட்டி சோப்புதான் பிடிக்கும் என்றால், தண்ணீர் வடியும் ஓட்டைத் தட்டில் வையுங்கள், படிவு குறையும்.

எந்த அழுக்குக்கு எது

குளியலறை அழுக்கை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால், அலமாரியில் இருக்கும் பாட்டில்களில் பாதி தேவைப்படாது.

முதல் வகை எண்ணெயும் சோப்பும்: தரைப் பிசுபிசுப்பு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் தங்கும் மினுமினுப்பு. இதற்குப் பாத்திரம் கழுவும் திரவமே போதும். அரை வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி கலந்து, பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். எண்ணெய்க் குளியலன்று தரையை உடனே இப்படிக் கழுவ வேண்டும். இல்லையென்றால் அடுத்து நுழைபவர் வழுக்கி விழுவார். வீட்டில் முதியவர் இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாவது வகை சுண்ணப்படிவு: குழாயில் வெள்ளைத் திட்டு, ஷவர் துளை அடைப்பு, கண்ணாடியில் நீர்ப்புள்ளி, கழிப்பறைக் கிண்ணத்தில் நீர்மட்டத்தை ஒட்டிய மஞ்சள் வளையம். இது கரைய அமிலம் வேண்டும். எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தூள் பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். ஷவர் தலை அடைத்திருந்தால் அதே கரைசலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கியால் துளைகளைத் தேய்த்தால் திறந்துகொள்ளும். பளிங்குக் கல் உள்ள இடத்தில் அமிலமே கூடாது, வினிகர் உட்பட. கல் அரித்து மங்கிவிடும், பழைய பளபளப்பு துடைத்து வராது.

மூன்றாவது வகை உயிருள்ளது: பூஞ்சையும் கிருமியும். இதற்குத்தான் பிளீச். பொதுவான கிருமி நீக்கத்துக்கு, 5 விழுக்காட்டு வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 49 பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி. பூஞ்சை பிடித்த இடுக்குக்கு ஒன்றுக்கு ஒன்பது. பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். முதலில் சோப்பு நீரால் கழுவிய இடத்தில்தான் பிளீச் போட வேண்டும்; அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். கலந்து வைத்த கரைசலும் நாளாக ஆக வலுவிழக்கும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பிளீச்சோடு அமிலம் எதையும் சேர்க்காதீர்கள். வினிகர், எலுமிச்சை உப்பு, அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் எதுவானாலும் குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஜன்னல் சிறியதாக உள்ள அறையில் இது உயிருக்கே ஆபத்து. ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தாமல், அமிலத்துக்கு ஒரு வாரம், பிளீச்சுக்கு மறு வாரம் என்று பிரித்துவிடுங்கள். பணிப்பெண் இருந்தால் இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் காட்டுங்கள். பாட்டில்களையும் தனித்தனி இடத்தில் வையுங்கள்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இரண்டும் நல்ல பொருள்கள்தான், தனித்தனியாகப் பயன்படுத்தினால். சோடா மெல்லத் தேய்க்க, வினிகர் படிவைக் கரைக்க.

மஞ்சள் பூசிக் குளிக்கும் வீடுகளில் இடுக்கிலும் மக்கிலும் மஞ்சள் கறை பிடிக்கும். அதில் சோப்போ சோடாவோ பட்டதும் சிவந்துபோனால் பயப்படாதீர்கள். காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். டைல்ஸ் இடுக்கில் நீர்த்த பிளீச் தடவினால் வெளுக்கும். மக்கை இரண்டு மூன்று நாள் வெயில்படும் ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

வாரக் கழுவல்

தண்ணீர் ஊற்றும் முன் தரையில் கிடக்கும் முடியைக் காய்ந்த டிஷ்யூவால் பொறுக்கிவிடுங்கள். நனைந்தால் எங்கும் ஒட்டிக்கொள்ளும். கழிப்பறைத் திரவத்தைக் கிண்ணத்தின் உள்விளிம்புக்குக் கீழே சுற்றி ஊற்றி, மூடியைச் சாத்திவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். மருந்து ஊற வேண்டிய நேரத்தில் உங்கள் வேலை நடக்கும். கண்ணாடி, கைகழுவும் தொட்டி, சுவர் என மேலிருந்து கீழே இறங்கி, கழிப்பறையின் வெளிப்புறம், கடைசியில் தரை. வாட்டர் ஹீட்டர் மேல் தண்ணீரோ மருந்தோ தெளிக்காமல், மின்விசையை அணைத்துவிட்டு ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். கழிப்பறைக்குப் பயன்படுத்தும் துணியும் பஞ்சும் வேறு நிறத்தில் இருக்கட்டும்.

மஞ்சள் வளையம் போகவில்லையா? ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினால் கிண்ணத்தின் நீர்மட்டம் இறங்கும். பிறகு வளையத்தின் மேல் டிஷ்யூவைப் போர்த்தி, சிட்ரிக் கரைசலால் நனைத்து இரவு முழுதும் விடுங்கள். மருந்து தண்ணீரில் கலந்து நீர்த்துப்போவதால்தான் வழக்கமான முறை தோற்கிறது.

நீர்த்தொட்டிக்குள் போடும் பிளீச் மாத்திரைகள் வேண்டாம். அந்த நீர் தொட்டிக்குள்ளேயே நின்று ரப்பர் பாகங்களை அரிக்கும். பிறகு நீர் ஓயாமல் கசியும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க, தொட்டியில் சில சொட்டு உணவு நிறமியை விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 15 நிமிடம் காத்திருங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் கசிவுதான்.

தரை வடிகால்

எல்லாரும் ஃப்ளோர் டிராப் என்று சொல்லும் இந்த இடம்தான் பெரும்பாலான வீடுகளில் விடுபட்டுப்போகிறது. எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கம்பி மூடியைத் தூக்கினால் உள்ளே கழற்றக்கூடிய கிண்ணமோ வடிகட்டியோ இருக்கும். கையுறை போட்டு அதை எடுத்து, முடியைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் அல்ல. கிண்ணத்தின் அடியிலும் குழாயின் உள்சுவரிலும் கறுத்த கூழ்போன்ற படலம் இருக்கும். நீண்ட கைப்பிடி பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு தேய்த்து எடுங்கள். இதயவடிவ இறக்கையோடு சுவரில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஈக்களின் புழுக்கள் வளர்வது இந்தக் கூழில்தான். பறக்கும் ஈயைப் பூச்சிமருந்தால் அடித்தால் அடுத்த வாரம் புதியவை வரும்; கூழைச் சுரண்டி எடுத்தால் ஓரிரு வாரத்தில் ஓயும். எந்த வடிகாலிலிருந்து வருகின்றன என்று தெரியாவிட்டால், இரவில் மூடியின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் கீழாக, சிறிது இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் பதில் அதில் இருக்கும்.

கொதிநீரை ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் குழாயும் இணைப்பும் இளகும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் போதும். கழற்றிய கிண்ணத்தை மறக்காமல் திரும்பப் பொருத்துங்கள். உள்ளே நிற்கும் நீர்தான் கழிவுக்குழாயின் வாடை மேலே வராமல் அடைக்கிறது. பயன்படுத்தாத இரண்டாவது குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு லிட்டர் ஊற்றினால் வாடை நிற்கும்.

இடுக்கும் சிலிக்கோனும்

கைகழுவும் தொட்டியின் ஓர இடைவெளியை அடைக்கும் சிலிக்கோன் பசையில் கறுப்புப் புள்ளி வந்தால், டிஷ்யூவை முறுக்கி நீர்த்த பிளீச்சில் நனைத்து, ஓரம் நெடுக வைத்து, மேலே பிளாஸ்டிக் உறையால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். திரவம் வழியாமல் அங்கேயே நிற்கும். இரண்டு முறை செய்தும் போகாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது. அதன்பின் வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூஞ்சைத் தடுப்பு சிலிக்கோனைப் புதிதாகப் பூசுவதே வழி. அது இறுகும் வரை, பொதுவாக 24 மணி நேரம், தண்ணீர் படக்கூடாது.

டைல்ஸ் இடுக்குச் சாந்தான கிரவுட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், கடும் அமிலத்தை அடிக்கடி ஊற்றுவதும் அதைக் கரைத்து ஓட்டையாக்கும். தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கினால் கீழ்த்தளத்து வீட்டின் கூரையில் கசிவு தெரியும். வீவக வீடுகளில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து பழுதுபார்க்க வேண்டிய விவகாரமாகிவிடும். கிரவுட் உதிர்ந்த இடத்தை உடனே நிரப்புங்கள்.

முதியோர் வீடுகளில் பாதுகாப்பு வசதிகள் செய்துதரும் வீவகவின் ஈஸ் திட்டத்தின்கீழ் தரையில் வழுக்காத பூச்சு போட்டிருந்தால், அதன் சொரசொரப்பில் சோப்பு தங்கும். மாப் போட்டால் மேலோட்டமாகத்தான் போகும். நைலான் பிரஷ் வேண்டும், மெழுகு கலந்த தரைத் திரவம் கூடாது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் கடைசி வேலையாகக் கழிப்பறை மூடியைச் சாத்துங்கள், தரை வடிகாலின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டுநாடாவால் இறுக்கமாக ஒட்டுங்கள், வாளியையும் மக்கையும் காயவைத்துக் கவிழுங்கள், லூவர் ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவு திறந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் கழிப்பறையை ஃப்ளஷ் செய்து, தாளை எடுத்து வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஷவரையும் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட்டபிறகு குளியுங்கள்.