முழங்கால் வலி உள்ளவரைப் பெருங்கப்பலில் அழைத்துச் செல்வது எப்படி? முதல்முறைப் பயணிகளுக்கான செய்முறை விளக்கம்

என் தாயாரின் தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் பெயரைக் காவிரிக் கரை ஊர்களில் இன்றும் முதியவர்கள் உறவினர் பெயரைப் போலச் சொல்வார்கள். அப்பா போன கடலில் தானும் ஒருமுறை போக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டபோது அவருக்கு வயது 71. நாற்பது ஆண்டுகள் வயல் வரப்பில் நடந்த கால்களில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருந்தன. பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து அவரை இரண்டு முறை சுற்றுலாக் கப்பலில் அழைத்துச் சென்றேன். முதல் பயணத்தில் விலை குறைவு என்பதற்காகக் கப்பலின் முன்முனையில் அறை எடுத்தேன். சாப்பாட்டுக் கூடம் பின்முனையில் இருந்தது. இரண்டாம் நாள் மாலைக்குமேல் அம்மாவால் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. கப்பலில் ஒருவர் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவருடைய அறையின் இடமே தீர்மானிக்கிறது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்தச் சிரமம் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: நடையை அளந்து எழுதுங்கள்

2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீட்டர், தளங்கள் 20. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று கிழக்கு மேற்காக ஏறத்தாழ 240 மீட்டர் என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கப்பல் எவ்வளவு நீளம் என்பது விளங்கும். 2022-இல் சென்னையிலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய எம்பிரஸ் கப்பல் ஏறத்தாழ 211 மீட்டர். அதுவே முழங்கால் வலி உள்ளவருக்குச் சிறிய தூரம் அல்ல.

ஆகவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, பெரியவரை அவருக்குப் பழக்கமான ஒரு கோயில் பிரகாரத்துக்கு அழைத்துச் சென்று, உட்காராமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், வரிசையில் எத்தனை நிமிடம் நிற்கிறார், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எத்தனை படி ஏறுகிறார் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "நான் நன்றாகத்தான் நடப்பேன்" என்று அவர் சொல்வதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று நினைத்து அவர்கள் வலியைக் குறைத்தே சொல்வார்கள். வீட்டில் கைத்தடியோடு நடப்பவருக்கும் கப்பலில் சக்கர நாற்காலி தேவைப்படலாம். துறைமுகத்தில் தரப்படும் சக்கர நாற்காலி பெரும்பாலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டுமே. பயணம் முழுவதும் வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும், அல்லது முன்கூட்டியே வாடகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: தள வரைபடத்தைப் படியுங்கள்

எல்லாப் பெரிய கப்பல் நிறுவனங்களும் தங்கள் கப்பல்களின் தள வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பயண முகவரிடம் கேட்டும் வாங்கலாம். அதைத் தாளில் அச்சிட்டு, முதலில் லிப்ட் இருக்கும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நடுத்தரக் கப்பல்களில் இரண்டு இடங்களிலும், மிகப் பெரியவற்றில் சில வேளை அதற்கு மேலும் லிப்டுகள் கூட்டமாக இருக்கும். பிறகு சாப்பாட்டுக் கூடம், பஃபே, அரங்கம், மருத்துவ நிலையம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் உண்டு; அது தெரியாமல் அலைந்தவர்கள் பலர். கப்பலின் சமையற்கூடம் பல வேளைகளில் ஒரு தளத்தின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்வதால், அந்தத் தளத்தில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு நேராக நடந்து போக வழியிருக்காது. சாப்பாட்டுக் கூடம் அதற்கு அப்பால் இருந்தால், முதலில் வேறொரு தளத்தில் பின்பக்கம் வரை நடந்து, அங்குள்ள லிப்டில்தான் இறங்க வேண்டும். வரைபடத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பெயரில்லாமல் விடப்பட்டிருக்கும் பகுதி பெரும்பாலும் இப்படிப்பட்ட அடைப்பு.

அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒருவழித் தூரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 300 மீட்டர்; மூன்று வேளைக்கு 900 மீட்டர். பொழுதுபோக்குக்காக ஓர் அடிகூட எடுத்து வைப்பதற்கு முன்னரே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தாகிவிடுகிறது. அதே சாப்பாட்டுக் கூடத்துக்கு 40 மீட்டரில் அறை கிடைத்தால் அந்தக் கணக்கு 240 மீட்டராகச் சுருங்கும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் அனைத்தையும் மேல்தளக் காட்சிக்குச் செலவிடாமல் இந்த நெருக்கத்துக்குச் செலவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அலையின் ஆட்டமும் குறைவு. தளர்ந்த கால்களுக்கு அதுவும் பெரிய உதவி. லிப்டுக்கு நேர் எதிரே எடுத்தால் இரவு முழுவதும் பேச்சொலி கேட்கும். நான்கைந்து கதவுகள் தள்ளி எடுப்பது நல்லது.

மூன்றாம் படி: கதவையும் குளியலறையையும் கேளுங்கள்

பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு 23 அங்குல அகலமே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரியவர்களுக்கான சக்கர நாற்காலி, கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து அளந்தால் 24 அங்குலத்துக்கு மேல் வரும். ஓர் அங்குலக் குறைவுக்காக நாற்காலியை நடைவழியிலேயே விட்டுவிடலாம் என்று எண்ணாதீர்கள். தீ விபத்துக் காலத்தில் தப்பிக்கும் வழி அது என்பதால் அங்கே எதையும் நிறுத்த விடமாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கென அமைக்கப்பட்ட அறைகளில் கதவு அகலமாக இருக்கும். குளியலறை வாசலில் தடுப்புப் படி இருக்காது. சுவரில் கைப்பிடிகளும், உட்கார்ந்து குளிக்க இருக்கையும் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் செல்லும் கப்பலிலும் இத்தகைய அறைகள் மிகச் சிலவே. ஆறு மாதங்களுக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. சாதாரண அறைதான் கிடைத்தது என்றால், குளியலறை வாசலில் சில அங்குல உயரத் தடுப்பு இருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். இரவில் கால் இடறுவது அங்கேதான். உதவி தேவைப்படுவோருக்கென்று நிறுவனங்கள் ஒரு படிவம் வைத்திருக்கின்றன. அதில் நீங்கள் குறித்து வைத்த மூன்று அளவுகளையும் சக்கர நாற்காலியின் அகலத்தையும் எடையையும் அப்படியே எழுதுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு துறைமுகத்தையும் விசாரியுங்கள்

கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்குமா, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் கரைக்கு அனுப்புவார்களா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்தில் நிற்கும் பைபர் படகு அலையோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்தப் படகு ஏறி இறங்கும் நேரம் பார்த்துக் காலை எடுத்து வைப்பது தேய்ந்த முழங்காலுக்கு ஆபத்து. அலை அதிகமான நாளில் சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்ற மறுக்கும் உரிமையும் கப்பல் நிர்வாகத்துக்கு உண்டு. துறைமேடையை ஒட்டி நிற்கும் ஊர்களிலும், கடல் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப இறங்குபாலம் காலையில் சமமாகவும் மாலையில் செங்குத்தாகவும் மாறக்கூடும். ஆகையால் திரும்பி வரும் நேரத்தின் நிலையையும் இறங்கும்போதே பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊரிலிருந்து துறைமுகம் வரை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னையில் ஏறுவதாக இருந்தால் சோழன், உழவன் போன்ற ரயில்களில் கீழ்ப்படுக்கை அல்லது சன்னலோர இருக்கை எடுத்து, ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள். சிங்கப்பூரில் ஏறுவதாக இருந்தால் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. சக்கர நாற்காலி உதவியைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். துறைமுகத்தில் பணியாளர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகலாம் என்பதால் மாத்திரை, முழங்கால் பட்டை, ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். கழிப்பறையில் கைத்தெளிப்பான் இல்லாத கப்பல்களில் அந்தக் குவளை இல்லாமல் நம் பெரியவர்கள் மிகவும் சங்கடப்படுவார்கள்.

ஆறாம் படி: ஏறிய முதல் சில மணி நேரம்

பெரியவரை ஓர் இருக்கையில் அமர்த்திவிட்டு, நீங்கள் மட்டும் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் எங்கெங்கே உட்கார இடமிருக்கிறது என்று குறித்து வையுங்கள். நீண்ட நடைவழிகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றி, எது முன்பக்கம் என்பதே மறந்துபோகும். சில கப்பல்களில் தரைவிரிப்பில் வரைந்திருக்கும் மீன்கள் கப்பலின் முன்முனை நோக்கி நீந்துவதுபோல அமைந்திருக்கும். அதைக் காட்டியபின் அம்மா ஒருநாளும் வழி தவறவில்லை.

அவசரகாலப் பயிற்சி அனைவருக்கும் கட்டாயம். 2012-இல் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளான பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்த வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. உண்மையான ஆபத்தில் லிப்டை நம்பக் கூடாது என்பதால், படியிறங்க முடியாதவர் உங்களுடன் இருப்பதைப் பயிற்சியின்போதே பொறுப்பாளரிடம் நேரில் சொல்லி, அவரை யார் வந்து, எந்த நாற்காலியில் தூக்கிச் செல்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தில் எழுதியாயிற்றே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: அன்றாட நடமாட்டம்

அரங்க நிகழ்ச்சி முடிந்தவுடன் லிப்ட் வாசல்களில் தேர்க்கூட்டம்போல நெரிசல் இருக்கும். பதினைந்து நிமிடம் இருக்கையிலேயே அமர்ந்திருந்தால் அது கலைந்துவிடும். சாப்பாட்டுக்கு வாசலை ஒட்டிய மேசையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நடைவழிச் சுவர்களில் கைப்பிடிச் சட்டம் ஓடுகிறதென்றால், கடல் அமைதியாக இருக்கும்போதும் ஒரு கையை அதன்மேல் வைத்தே நடக்கப் பழக்குங்கள். ஆட்டம் சொல்லிவிட்டு வராது. சக்கர நாற்காலி நின்றவுடன், அரை நிமிட நிற்றலுக்கும்கூட, இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் போட வேண்டும். திறந்த தளத்துக்குப் போகும் சில கதவுகளில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க உயர்ந்த நிலைப்படி இருக்கும். சரிவுப் பலகை வைத்த கதவு எது என்று பணியாளரைக் கேட்டு அதையே பயன்படுத்துங்கள். நீச்சல் குளத்தைச் சுற்றிய தரையில் கைத்தடியின் ரப்பர் முனை வழுக்கும். முனை தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றிவிடுங்கள்.

இறங்குவதற்கு முந்தைய இரவு

பெட்டிகளைப் பூட்டி, அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை கரையில்தான் அவை திரும்பக் கிடைக்கும். உதவி கேட்டவர்கள் கூட வேண்டிய இடத்தையும் நேரத்தையும் அன்றே வரவேற்பு மேசையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை, கடவுச்சீட்டு, மாற்றுடை, செருப்பு, கைத்தடி ஆகிய ஐந்தும் பெரியவரின் கட்டிலருகே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.