ஆலோசகரைச் சந்திக்கும் முன் ஒரு பக்கக் குறிப்பு
மதுரையில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் வட்டார மையம், சிறுதொழில் முனைவோர் சங்கமான மடீட்சியா, வேளாண் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் தொழில் வளர்ப்பு மையம் என ஆலோசனை பெறும் இடங்கள் இன்று பல உள்ளன. இருந்தும், ஒரே வாரத்தில் பலரிடம் கேட்டுக் குழம்பி, உறக்கத்தைத் தொலைக்கும் இளைஞர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

கையிருப்புப் பணம் எத்தனை மாதங்களுக்குப் போதும், எந்த முடிவில் தடுமாறுகிறீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, சந்திப்புக்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பதைவிட, "இதே நிலையில் நீங்கள் என்ன செய்தீர்கள், அப்போது உங்களிடம் எவ்வளவு முதல் இருந்தது?" என்று கேட்பதே மிகுந்த பயன் தரும், ஏனெனில் கீழமாசி வீதியில் கடனுக்குச் சரக்கு கொடுத்து வணிகத்தை வளர்த்தவரின் அனுபவம், மாதச் சந்தாவில் மென்பொருள் விற்பவருக்கு அப்படியே பொருந்திவிடாது. கேட்டதைக் குறித்துக்கொண்டு, ஓர் இரவு நன்றாக உறங்கி எழுந்த பிறகே முடிவெடுங்கள்.

தொழில் ஆலோசகர் மருத்துவர் அல்லர். உறக்கமின்மையும் பதற்றமும் வாரக்கணக்கில் நீடித்தால், கட்டணமின்றி இரவும் பகலும் இயங்கும் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐத் தயங்காமல் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.