பார்த்தாய் சரி, கேட்டாயா? சிசிடிவி பதிவைச் சாட்சியத்துக்கு எடுப்பதில் நடக்கும் தவறுகள்

போன வாரம், கேமரா மாட்டும் எங்கள் கடைப் பையன் ஒருவன் மார்த்தாண்டத்தில் ஒரு கடையிலிருந்து பென் டிரைவோடு வந்தான். கடைக்காரருக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கும் வாய்த்தகராறு, போலீஸில் கொடுக்கப் பதிவு வேண்டும். "எடுத்தாச்சுண்ணே" என்று மேசையில் வைத்தான். "சத்தம் இருக்கா மக்கா?" என்று கேட்டேன். "ஓட்டிப் பார்த்தேண்ணே, நல்ல கிளியரா இருக்கு" என்றான். லேப்டாப்பில் செருகி, ஹெட்போனை அவன் காதில் மாட்டிவிட்டேன். ஒரு நிமிடத்தில் முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பவும் மார்த்தாண்டம் போனான். டிவிஆரில், அதாவது கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியில், பதிவு இன்னும் அழியாமல் இருந்ததால் தப்பித்தான்.

நான் ஒருமுறை தப்பிக்கவில்லை.

கேமராவை வெயிலுக்கு எதிரே மாட்டுவது, பாஸ்வேர்டை எழுதி வைக்காமல் மறப்பது, பக்கத்து வீட்டு வாசலை நோக்கித் திருப்பி வைத்துச் சண்டை வாங்குவது, இதெல்லாம் இரண்டு தடவை அடிபட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பதிவு கைக்கு வந்த பிறகு கெடுத்துக்கொள்வதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

மாற்றிய நகலை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது

சில வருடங்களுக்கு முன் தக்கலைப் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடை. கொடுக்கல் வாங்கல் விஷயமாக ஒருவர் கடைக்கே வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். கல்லாவுக்கு மேலே மைக்கோடு நான் மாட்டிய கேமரா. 'நல்லதாப் போச்சு, எல்லாம் பதிவாகியிருக்கும்' என்று கடைக்கார அண்ணாச்சிக்கு என்னைவிட நம்பிக்கை.

நாற்பது நிமிடப் பதிவை எடுத்தேன். டிவிஆர் தன் சொந்த ஃபார்மேட்டில் கொடுத்தது. அதை ஓட்ட அந்தக் கம்பெனியின் பிளேயர் வேண்டும். வக்கீல் ஆபீஸில் டபுள் கிளிக் செய்ததும் ஓட வேண்டுமே என்று, இலவசமாகக் கிடைத்த ஒரு கன்வெர்ட்டரில் போட்டு எம்பி4 ஆக்கினேன். எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கு அப்போது ஸ்பீக்கர் கிடையாது. படம் ஓடியது, திருப்தி. பென் டிரைவில் இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை நானே அழித்தேன். பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு கட்டன் சாயாவும் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வக்கீல் கூப்பிட்டார். "தம்பி, ஊமைப் படமால்ல இருக்கு."

அந்தப் படத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. வந்தவர் கல்லா மேசையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். சிரிக்கிறார். நடுவில் அண்ணாச்சியின் தோளில் ஒரு தட்டு. போகும்போது கைகூட காட்டுகிறார். மிரட்டியதை எல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறார். சத்தம் இல்லாமல் பார்த்தால் பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் ஊர்க்கதை பேசுகிற மாதிரி இருக்கிறது. "இதை நாம கொடுத்தா எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி" என்றார் வக்கீல்.

உடனே கடைக்கு ஓடினேன். எட்டு கேமரா, 1 டிபி ஹார்டு டிஸ்க். கணக்கு எளிது: ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்றால் எட்டுக்கு 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். ஒரு நாளைக்கு 172 ஜிபிக்கு மேல் போகும். ஆறு நாள்கூட முழுதாகத் தாங்காது. பழையதன் மேல் புதியது எழுதியாகிவிட்டது. டிவிஆர் கொடுத்த கோப்பில் சத்தம் நிச்சயமாக இருந்தது. அதை என் கையாலேயே அழித்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம் எங்கெங்கே தொலைகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

முதல் இடம் பதிவாகும்போதே. மைக் இருந்தால் போதாது, டிவிஆருக்குச் சொல்ல வேண்டும். ஹிக்விஷன் கம்பெனி டிவிஆர்களில் 'ஸ்ட்ரீம் டைப்' என்ற இடத்தில் வீடியோ மட்டும் இருந்தால் படம்தான் சேரும். அதை 'வீடியோ & ஆடியோ' என்று மாற்ற வேண்டும். தாஹுவா வகையில் என்கோட் பக்கத்தில் ஆடியோவுக்கு டிக் போட வேண்டும். நேரலையில் சத்தம் கேட்கிறது என்பதற்காகப் பதிவிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கே கோட்டை விட்டிருந்தால் பிறகு எந்த ஆண்டவனாலும் ஆகாது.

இரண்டாவது, சத்தம் கோப்பில் இருந்தும் பிளேயருக்குப் புரியாமல் போவது. பல கேமராக்கள் சத்தத்தை ஜி.711 என்ற முறையில் பதிகின்றன. அது டெலிபோன் பேச்சுக்காக வந்தது: நொடிக்கு 8000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), 64 கிலோபிட். பேச்சு புரியும், பாட்டு கேட்கச் சகிக்காது. எம்பி4 கோப்புக்குள் வழக்கமாக இருப்பது ஏஏசி என்ற வேறொரு ஒலிமுறை என்பதால், ஜி.711 உள்ளே உட்கார்ந்திருந்தால் பல பிளேயர்கள் படத்தை மட்டும் ஓட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எனவே சத்தம் வரவில்லை என்றதும் தலையில் கைவைக்க வேண்டாம். கம்பெனி பிளேயரில் ஒருமுறை ஓட்டுங்கள். அல்லது மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறங்கள். 'ஆடியோ' என்ற பகுதி இருந்தால் சத்தம் உள்ளே இருக்கிறது. எங்கள் பையன் கொண்டுவந்த கோப்பில் அந்தப் பகுதியே இல்லை.

மூன்றாவது இடம் என்னைக் கவிழ்த்த கன்வெர்ட்டர். தெரியாத ஆடியோவைக் கண்டால் சில கன்வெர்ட்டர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும். கடைசியில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மட்டும் காட்டும்.

இதில் புதுப் பையன்கள் மாட்டிக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் டிவிஆரோடு இருப்பது பெரும்பாலும் பழைய மானிட்டர், விஜிஏ கேபிள். விஜிஏவில் சத்தம் போகாது. பல வருடம் அந்தக் கடையில் யாருமே பதிவைக் காதால் கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்பீக்கர் உள்ள டிவியை எச்டிஎம்ஐயில் போட்டுக் கேளுங்கள், அல்லது லேப்டாப்பும் ஹெட்போனும் கையோடு கொண்டுபோங்கள். டிவிஆரில் கேட்டது ஒரு கணக்கு. எடுத்த கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் முழுதாகக் கேட்பதுதான் முக்கியம். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடமும் உட்கார வேண்டும்.

மாற்றிய நகலைக் கொடுங்கள், தப்பில்லை. பார்க்க வசதிக்கு அது. டிவிஆர் கொடுத்த கோப்பு, அதை ஓட்டும் பிளேயர், இரண்டும் சேர்ந்து போக வேண்டும்.

ஹேஷ் எடுக்காமல் கொடுப்பது

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது நாம் '65பி சர்டிபிகேட்' என்று சொல்லிப் பழகியது இப்போது பிரிவு 63(4)-இன் கீழ் வரும் சான்றிதழ். அதற்குச் சட்ட அட்டவணையிலேயே படிவம் உண்டு: பகுதி 'அ' கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு, பகுதி 'ஆ' நிபுணருக்கு. மேக் (தயாரித்த கம்பெனி), மாடல், நிறம், சீரியல் நம்பர் வரை கேட்கிறார்கள். எனவே டிவிஆரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் உப்புக்காற்று அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அந்தப் படிவம் ஹேஷ் மதிப்பும் கேட்கிறது; கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு அது. விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளை எஸ்எச்ஏ-256 ஹேஷைக் கொடுத்துவிடும், 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த வரி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கன்வெர்ட் செய்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்த அன்றே, அந்தக் கடையிலேயே ஹேஷ் எடுத்து எழுதி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது

வீடியோவாக அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். கூடாது.

மானிட்டரைப் போனில் படம் பிடிப்பது

கடைக்குள் ஓடும் ஃபேன் சத்தம்தான் மிஞ்சும்.

நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது

அதற்குள் பதிவு அழிந்துவிடலாம். இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலைய விவகாரத்தில், ஹார்டு டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமராக்களில் படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைக்காரருக்கு அப்படி உத்தரவு ஒன்றும் இல்லை. அவர் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்பதை, மாட்டிய அன்றைக்கே நாம்தான் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்தால் முதல் போன் நமக்கு வர வேண்டும் என்பதையும்.

கடிகாரத்தைச் 'சரி செய்துவிட்டு' எடுப்பது

டிவிஆர் நேரம் பதினேழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன்கள் கை சும்மா இருக்காது, முதலில் நேரத்தைத் திருத்திவிடுவார்கள். பழைய பதிவில் இருக்கும் நேரம் அதனால் மாறாது. எத்தனை நிமிடம் வித்தியாசம் இருந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும் போய்விடும். மானிட்டரையும் போன் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நேரமும் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். வித்தியாசத்தை எழுதி வையுங்கள். திருத்துவதெல்லாம் பதிவை எடுத்த பிறகு.

டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டுவது

டிவிஆர் டிஸ்க்கை விண்டோஸ் பெரும்பாலும் அடையாளம் காணாது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று மரியாதையாகக் கேட்கும். வேறு கம்பெனி டிவிஆரில் மாட்டினாலும் இதே கதைதான். பெரிய விவகாரம் என்று தோன்றினால், பதிவை எடுத்து முடித்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, கடைக்காரர் கையெழுத்தும் வாங்கி அவர் பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள். டிவிஆருக்குப் புது டிஸ்க் போடுங்கள். செலவாகுமே என்பார்கள். தக்கலை அண்ணாச்சி அன்று அப்படிக் கேட்கவில்லை. நான்தான் அவரிடம் சொல்லவே இல்லை.