தெருவில் வண்டிகள் பறக்கிறதா? மனு எழுதும் முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

மதுரையில் நத்தம் சாலைக்கும் அழகர்கோவில் சாலைக்கும் நடுவே குறுக்கே ஓடும் தெருக்களில் ஒன்று எங்களுடையது. சிக்னலுக்குத் தப்பி வரும் பைக்குகளும் ஷேர் ஆட்டோக்களும் காலை எட்டு மணிக்கு இதில்தான் பறக்கும். எதிர்வீட்டு அத்தை போட்டிருந்த கோலத்தின் மேல் ஒருநாள் கறுப்பாக, நீளமாக ஒரு டயர்த் தடம். அந்தத் தடம் முடிந்த இடத்துக்கும், பையை மாட்டிக்கொண்டு நின்ற பேரனுக்கும் ஒரு கை தூரம்தான். அன்று மாலையே தெருவில் உட்கார்ந்து பேசி, வேகத்தடை கேட்டு மனு கொடுப்பது என்று முடிவு செய்தோம். அப்புறம் என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, வேகத்தை அளப்பது. கொத்தனாரிடம் டேப் வாங்கி, சரியாக 50 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். ஒருவர் மொட்டை மாடியிலிருந்து செல்போன் ஸ்டாப்வாட்சைப் பிடிக்க வேண்டும். தெருவில் நின்றால் ஆளைப் பார்த்து வண்டி மெதுவாகிவிடும். 180-ஐ நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும்: 6 நொடி என்றால் 30, 4.5 நொடி என்றால் 40, 3.6 நொடி என்றால் 50. இடைவெளியைக் குறைக்காதீர்கள். பொத்தானை அமுக்கத் தாமதமாகும் அந்தக் கணம் கணக்கையே மாற்றிவிடும். பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் போதும். நேரம், வண்டி வகை, நொடி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். வண்டி எண் வேண்டாம்.

"ரொம்ப வேகமா போறாங்க" என்று எல்லாத் தெருவும்தான் சொல்கிறது. அளந்த வேகக் கணக்கோடு போகிற தாளைத்தான் பொறியாளர் திருப்பிப் படிப்பார். வேகம் 30-லிருந்து 60 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. இதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டாவது, சாலை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள், 5 மண்டலங்கள். மாநகராட்சித் தெரு என்றால் வார்டு கவுன்சிலரும் மண்டல அலுவலக உதவிப் பொறியாளரும். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அங்கேதான் போக வேண்டும். இதைக் கேட்காமல் கொடுத்த எங்கள் முதல் மனு, சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் கிடந்தது.

அடுத்தது, வேகத்தடை எந்த வீட்டு வாசலுக்கு வரும் என்பது. சண்டை வருவது இதில்தான். லாரி ஏறி இறங்கும் சத்தம் ராத்திரி முழுக்க அந்த வீட்டுக்குத்தான். அந்த வீட்டில் முதலில் உட்கார்ந்து பேசி, அவர்கள் கையெழுத்தையே முதலில் வாங்குங்கள்.

தயவுசெய்து நீங்களே சிமெண்ட் கொட்டி மேடு போடாதீர்கள். செங்குத்தான மேட்டில் பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கும் பெண்தான் தூக்கி எறியப்படுவார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) 1988-இல் வெளியிட்ட ஐஆர்சி 99 என்ற வழிகாட்டி சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக. 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அலுங்காமல் கடக்கும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேலே வெள்ளைப் பெயிண்ட், ஓரத்தில் மழைநீர் ஓட இடைவெளி. அந்த வழிகாட்டி 2018-இல் திருத்தப்பட்டது; திருத்திய பதிப்பின் அளவுகளைப் பார்த்து மனுவில் எழுதுங்கள். வளைவில் பார்வையை மறைக்கும் கிளையை வெட்டுவது, எரியாத தெருவிளக்கு, பள்ளி முன் வரிக்குதிரைக் கோடு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். சில தெருவுக்கு அவையே போதும்.

மனு ஒரே பக்கம். இடத்தை மின்கம்ப எண்ணோடு குறிப்பிடுங்கள். ஒரு நகல் போக்குவரத்துக் காவலுக்கு. ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், 1100 உதவி எண். அதற்கும் பதில் இல்லையா, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு "எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

வேகத்தடை வந்ததும் அதே இரண்டு கோட்டில், அதே எட்டு மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். பெயிண்ட் தேய்ந்த வேகத்தடை இருட்டில் ஆளை விழத்தட்டும். அதனால் ஆண்டுக்கொரு முறை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.